வீட்டிலேயே மைக் ப்ரீஆம்ப் செய்வது: டர்பன் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் காரேஜில் கார் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் மேட்டிலுள்ள அந்த அறையின் சுவர்களை இன்று பழைய கம்பளிகளும் பாய்களும் மூடியிருக்கின்றன. நடுவில் இரண்டு மைக் ஸ்டாண்டுகள், மூலையில் நானே செய்த நான்கு சேனல் ப்ரீஆம்ப். கோயில் பஜனைக் குழுவினர், நாதஸ்வரக்காரர்கள், தெருக்கூத்துப் பாட்டை இன்னும் மறக்காத ஓரிரு பெரியவர்கள் என்று பலர் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். பெட்டியைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதிவைத்துவிட்டால் என் தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கும்.

மைக் ப்ரீஆம்ப் என்னதான் செய்கிறது?

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. கோயில் மேடைகளில் எல்லோரும் பார்த்திருக்கும் ஷூர் எஸ்.எம். 58 மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 94 டெசிபல் சத்தத்தில், அதாவது ஒருவர் மைக்கை நெருங்கி நின்று இயல்பான குரலில் பேசும்போது, அது தருவது ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட். பதிவுக் கருவிகள் எதிர்பார்க்கும் லைன் அளவு 1.23 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 660 மடங்கு இடைவெளி, அதாவது 56 டெசிபல். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் ப்ரீஆம்ப். நிரப்பும்போது தன் இரைச்சலைச் சேர்க்கக் கூடாது, வீட்டு மின்சாரத்தின் உறுமலை உள்ளே விடக் கூடாது. முதல் வேலையை ஐந்தாறு பாகங்களே செய்துவிடும். மனிதனை அழவைப்பவை மற்ற இரண்டும்தான்.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, பிறகு ஏன் செய்ய வேண்டும்?

பணத்தை மிச்சப்படுத்துவதற்காக என்றால் செய்யாதீர்கள். பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், மைக் கேபிளைச் செருகும் நல்ல எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட்டுகள், வெளிநாட்டிலிருந்து வரும் ஐ.சி.க்கு (சில்லுக்கு) கூரியர் கட்டணம், அதன்மேல் 15 சதவீத வாட் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கடைப் பெட்டியே மலிவு. தரத்திலும் இன்றைய மலிவான இன்டர்ஃபேஸ்களைக் குறைசொல்ல முடியாது.

எனக்கு இருந்த காரணங்கள் இரண்டு. பழுதானால் நானே திறந்து சரிசெய்ய முடியும் என்பது ஒன்று. கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதிவுக்குப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்க, நான் வாங்கிவைத்திருந்த கடைப் பெட்டி உயிரை விட்டது. உள்ளே ஒட்டப்பட்டிருந்த பலகையில் கைவைக்கக்கூட வழியில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். இன்னொரு காரணம் வெறும் ஆசை. அதற்கு விளக்கம் இல்லை.

எந்தச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது?

முதல் பெட்டிக்கு இதற்கென்றே செய்யப்பட்ட ஐ.சி.யைத் தேர்ந்தெடுங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐ.என்.ஏ. 217, தாட் நிறுவனத்தின் 1510 இரண்டும் நம்பத் தகுந்தவை. எட்டுக் கால் கொண்ட வடிவிலும் வருவதால் சாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். இரண்டிலும் கெயினை, அதாவது எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை, ஒரே ஒரு ரெசிஸ்டர் முடிவுசெய்கிறது. கணக்கும் சுலபம்: 10,000ஐ அந்த ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். 10 ஓம் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, 60 டெசிபல். 100 ஓம் போட்டால் 40 டெசிபல்.

"பிரபலமான டி.எல். 072 ஐ.சி. கையில் இருக்கிறது, அதையே முதல் கட்டமாகப் போடலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார். போடலாம், பாட்டோடு மழைச் சத்தமும் பதிவாகும். டி.எல். 072இன் உள்ளிரைச்சல் ஐ.என்.ஏ. 217இன் இரைச்சலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். கிடார் பிக்கப் போன்ற உயர்ந்த மின்தடை கொண்டவற்றுக்கு அது பொருந்தும். 150 ஓம் மைக்குக்கு அது தகாது. வெளியேற்றக் கட்டத்துக்கு என்.இ. 5532 போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த உள்ளீடு வேறொரு சுகம். ஒன்றுக்குப் பத்து என்ற சுற்று விகிதமுள்ள டிரான்ஸ்ஃபார்மர் 20 டெசிபலை எந்த மின்சாரமும் இல்லாமல் தந்துவிடுகிறது. 150 ஓம் மைக்கை 15 கிலோ ஓமாக மாற்றிக் காட்டுவதால் அடுத்த கட்டத்தின் இரைச்சலும் அடங்கிப்போகிறது. ரூபர்ட் நீவ் என்ற பொறியாளர் வடிவமைத்த 1073 ப்ரீஆம்ப்பை ஐம்பது வருடங்களாக எல்லோரும் புகழ்வதில் இந்த டிரான்ஸ்ஃபார்மர் இரும்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நல்ல உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் விலையில் ஐ.சி. வைத்த இரண்டு சேனல்களை முடித்துவிடலாம். அதோடு, மின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் அதன் காந்தப் புலத்தையும் இது ஆசையோடு வாங்கிக்கொள்ளும். இரண்டாவது பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐ.சி.யின் இரண்டு உள்ளீட்டுக் கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு ரெசிஸ்டர், இரண்டு கிலோ ஓம் அளவில், கட்டாயம் இருக்க வேண்டும். மைக்குக்கும் ஐ.சி.க்கும் நடுவே வரும் கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தை (டி.சி.யை) மறித்துவிடுவதால் அந்தக் கால்களுக்கு வேறு வழியே கிடையாது. இதை மறந்துவிட்டு "ஐ.சி. செத்துவிட்டது" என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். மூன்று ஐ.சி.களும் இன்றும் வேலை செய்கின்றன.

கெயின் குமிழைக் கடைசிவரை திருகினால்தான் சத்தமே வருகிறது, ஏன்?

சாதாரண நேர்கோட்டு பொட்டென்ஷியோமீட்டர் போட்டிருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 10 கிலோ ஓம் குமிழை ஓய்விலிருந்து பாதிவரை திருகினால் மீதி 5 கிலோ ஓம். கெயின் மூன்றே மடங்கு, பத்து டெசிபல்கூட இல்லை. பத்தில் ஒன்பது பங்கு திருகினால் 21 டெசிபல். பாட்டுக்கு வேண்டிய 40 முதல் 60 வரை உள்ளதெல்லாம் கடைசி நூலிழையில் அடைந்துகிடக்கிறது. விரல் நடுங்கினால் பத்து டெசிபல் எகிறும்.

தலைகீழ் லாக் (மடக்கை) வகைக் குமிழ் போட்டால் ஓரளவு சரியாகும். நான் குமிழையே விட்டுவிட்டுப் பன்னிரண்டு நிலைச் சுழல் சுவிட்சுக்கு மாறினேன். 20, 30, 40, 50, 60 டெசிபலுக்கு முறையே 1.1 கிலோ ஓம், 330, 100, 33, 10 ஓம். இடைப்பட்ட நிலைகளை அதே கணக்கில் நிரப்பிக்கொள்ளலாம். அடுத்த தொடர்பைப் பிடித்த பிறகே பழையதை விடும் வகைச் சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நிலைக்கும் ஸ்பீக்கரில் ஒரு குத்து விழும். ஸ்டீரியோ பதிவில் இரண்டு சேனலையும் மிகச் சரியாக ஒரே அளவில் வைக்க முடிவது இதன் உபரி லாபம்.

இந்த ரெசிஸ்டரோடு தொடராக ஒரு பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் வேண்டும். அது இல்லையென்றால் ஐ.சி.யின் சிறிய நேர்மின் பிசகும் ஆயிரம் மடங்கு பெருகும். எவ்வளவு பெரியது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 10 ஓமோடு 100 மைக்ரோஃபாரட் போட்டால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். மிருதங்கத்தின் தொப்பி பக்கம் எங்கே என்று தேட வேண்டியதுதான். 3300 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 6.3 வோல்ட் வகையே போதும். அது சிறிதாகவும் இருக்கும்.

48 வோல்ட் பேன்டம் பவர் எதற்கு? அதை எப்படிக் கொடுப்பது?

கண்டென்சர் மைக்குக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் உண்டு. அதற்குத் தீனி வேண்டும். தனிக் கம்பி போடாமல், ஒலி வரும் இரண்டு கம்பிகளிலும் சமமாக 48 வோல்ட்டை ஏற்றி அனுப்புவதுதான் பேன்டம் பவர். இரண்டிலும் சமம் என்பதால் ஒலியில் அது தெரியாது. 1966இல் நார்வே வானொலிக்காக நோய்மன் நிறுவனம் கே.எம். 84 மைக்கைச் செய்தபோது இந்த முறை வந்தது. அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாம். உலகம் முழுவதும் இன்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு கம்பிக்கும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர். இங்கே உயிர்நாடி அதன் துல்லியமான மதிப்பில்லை, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமைதான். ஜோடிக்குள் வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள், அதாவது 27 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஒரு சதவீத ரெசிஸ்டர்கள் இருபது வாங்குங்கள். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்து, ஒத்தவற்றுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். அரை மணி நேர வேலை. விலை உயர்ந்த பாகங்களைவிட இது அதிகப் பலன் தரும். அளவில் அரை வாட் வேண்டும். கேபிளில் ஷார்ட் ஆனால் ஒரு ரெசிஸ்டரில் 0.34 வாட் வெப்பம் ஏறும். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும்.

அடுத்து, 48 வோல்ட் ஐ.சி.க்குள் போகாமல் தடுக்கும் கெப்பாசிட்டர்கள்: 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட், நேர்முனை மைக் பக்கம். 50 வோல்ட் வகை கைக்குச் சிக்கினாலும் வேண்டாம். பேன்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கேபிளை ஷார்ட் செய்தால், இந்தக் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் முழுவதும் ஐ.சி.யின் உள்ளீட்டில் ஒரே நொடியில் பாயும். அதற்காக ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 10 ஓம் தொடர் ரெசிஸ்டரும், அதற்கு அடுத்து மேல்கீழ் மின்வழிகளுக்குப் பிடித்துக்கொடுக்கும் 1என் 4004 டையோடுகளும் போடுங்கள். டையோடு மிக மலிவான பொருள். அதைச் சேமித்து ஐ.சி.யை இழப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் பேன்டம் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு செருகுங்கள். கேபிளில் சின்னப் பிசகு இருந்தாலும் உள்ளே இருக்கும் மெல்லிய உலோக நாடா நீண்டுபோகும்.

மின் இணைப்பில் கைவைக்கப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நல்லது. முதல் பெட்டிக்கு 230 வோல்ட்டை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். வெளியில் செருகும் 18 வோல்ட் ஏ.சி. அடாப்டர் வாங்குங்கள், டி.சி. அடாப்டர் உதவாது. ஒரு டையோடு மேல்நோக்கி, ஒரு டையோடு கீழ்நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 2200 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர். சுமை குறைவாக இருக்கும்போது அடாப்டரின் மின்னழுத்தம் ஏறி நிற்கும் என்பதால் 35 வோல்ட் வகையை நம்ப வேண்டாம். பிறகு மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் எல்.எம். 317, எல்.எம். 337 ரெகுலேட்டர்கள். 220 ஓமும் 2.4 கிலோ ஓமும் போட்டால் கூட்டல் கழித்தல் 15 வோல்ட் கிடைக்கும்.

48 வோல்ட்டுக்கு அதே 18 வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் போதும் என்று பல வரைபடங்கள் சொல்லும். 18 வோல்ட்டின் உச்சம் 25.4, இரட்டித்து டையோடு இழப்பைக் கழித்தால் 49 சொச்சம். ரெகுலேட்டருக்கு மூச்சுவிட இடமே இல்லை, உறுமல் நேராக மைக்குக்குள் போகும். மும்மடங்காக்குங்கள், 100 வோல்ட் கெப்பாசிட்டர்கள் போடுங்கள், டி.எல். 783 என்ற உயர்மின்னழுத்த ரெகுலேட்டரைப் பயன்படுத்துங்கள். எல்.எம். 317இன் தாங்குசக்தி உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே 40 வோல்ட்தான். வெளியீடு ஷார்ட் ஆன நொடியில் போய்விடும்.

பின்னாளில் மின் டிரான்ஸ்ஃபார்மரை நீங்களே பொருத்தினால் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வீடுகளின் சுவருக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும். எர்த் கம்பியைப் பெட்டியின் உலோகத்தில் போல்ட் வைத்து இறுக்குங்கள். மற்ற இரண்டும் பிய்ந்தாலும் அது கடைசியாகப் பிய்யும்படி சற்று நீளமாக விடுங்கள்.

ஹம் (மின்சார உறுமல்) வருகிறது. எர்த் காலைக் கழற்றிவிட்டால் நின்றுவிடுகிறதே?

கழற்றாதீர்கள். "டி.பி. போர்டில் (வீட்டு மின்பலகையில்) எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருக்கிறது, காப்பாற்றிவிடும்" என்று ஒரு அண்ணன் வாதாடினார். எர்த் லீக்கேஜ் 30 மில்லியாம்பியர் வழிதவறிப் போவதைக் கண்டுதான் விழும். பெட்டிக்கு எர்த் இருந்தால் பழுது வந்த கணமே விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால், யாராவது பெட்டியைத் தொட்டு அவர் உடல் வழியாக மின்சாரம் பாய்ந்த பிறகே விழும். பாடகர் மைக்கை உதட்டோடு வைத்துப் பாடுகிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹம்மைக் கண்டுபிடிக்கக் காது போதும். என் முதல் பெட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே இருந்தது, ஏ.சி.யை டி.சி.யாக்கும் பாலம் வைத்த ரெக்டிஃபையரோடு. அத்தை ஐந்து கட்டை சுருதியில் தேவாரம் பாட வந்தார். கண்ணை மூடித் தொடங்கியவர் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். "உன் பெட்டியும் கூடவே பாடுகிறது. ஆனால் சுருதி சேரவில்லை, கொஞ்சம் மேலே நிற்கிறது" என்றார். எனக்கு ஹம் கேட்டது, சுருதி கேட்கவில்லை. அன்றிரவு கணக்குப் போட்டேன். ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி சட்ஜம் 98 ஹெர்ட்ஸ். பெட்டியின் ஹம் 100 ஹெர்ட்ஸ். ஒரு சுரத்தின் இடைவெளியில் சிறு பங்குதான் வித்தியாசம், அத்தையின் காது அதைப் பிடித்துவிட்டது.

அந்த 100தான் எனக்குத் துப்பு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50 என்றால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம். அதைக் கையில் பிடித்துத் திருப்பினாலோ தள்ளிவைத்தாலோ ஹம் கூடிக் குறையும். 100 என்றால் ரெக்டிஃபையருக்குப் பிந்தைய அலை எங்கோ நுழைகிறது என்று பொருள். என் பெட்டியில் குற்றவாளி ஒரே ஒரு கறுப்புக் கம்பி. ரெக்டிஃபையரிலிருந்து பெரிய கெப்பாசிட்டருக்குப் போகும் கிரவுண்டு கம்பியின் நடுவில் ஒலிச் சுற்றின் கிரவுண்டை ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன். கெப்பாசிட்டர் நிரம்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியில் பெரிய மின்னோட்டம் குதிக்கிறது. அந்தக் குதிப்பை ஒலிச் சுற்று தன் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. கம்பியைப் பிரித்து, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, கெப்பாசிட்டரின் காலுக்கு அப்பால் ஒட்டினேன். ஹம் போய்விட்டது. மூன்று வாரம் ஐ.சி.யையும் கேபிளையும் சந்தேகப்பட்டிருந்தேன். (ஏ.சி. அடாப்டரில் ஒற்றை டையோடு முறை என்றால் இந்த அலையும் 50 ஹெர்ட்ஸிலேயே வரும். அப்போது டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் பார்க்கும் சோதனைதான் துணை.)

மைக் கேபிளைச் செருகினால் மட்டும் வரும் கரகரப்பு வேறு இனம். எக்ஸ்.எல்.ஆரின் முதல் காலைப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றுப் பலகையின் கிரவுண்டுக்கு இழுத்துச் செல்லாமல் சாக்கெட்டின் பக்கத்திலேயே பெட்டி உலோகத்தில் இணைக்க வேண்டும். நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் 1995இல் இதை விளக்கி எழுதினார். அதற்குப் பிறகும் பெரிய கம்பெனிகளின் பெட்டிகளில் இந்தத் தவறு இருந்தது. இரண்டாம், மூன்றாம் கால்களிலிருந்து பெட்டிக்கு 220 பிக்கோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்கள் வைத்தால் கைப்பேசியின் டிக்-டிக் சத்தமும் அடங்கும்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். படிக்கட்டு அலை தரும் மலிவான வகை வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரே ரீங்கரிக்கும்.

இதைவிட நல்ல வழி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கேட் மோட்டாருக்கும் அலாரத்துக்கும் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரிகள் இரண்டு எடுங்கள். ஒன்றின் கழித்தல் முனையையும் இன்னொன்றின் கூட்டல் முனையையும் சேர்த்தால் அதுதான் கிரவுண்டு. இரு பக்கமும் கூட்டல் கழித்தல் 12 வோல்ட். ஐ.என்.ஏ. 217 கூட்டல் கழித்தல் 4.5 வோல்ட்டிலேயே இயங்கும், எனவே 12 தாராளம். இரண்டு சேனல் எடுப்பது சில பத்து மில்லியாம்பியர்தான். ஒரு முழு இரவு பஜனைக்குப் பாட்டரி அசையாது. பேன்டத்துக்கு ஐந்து 9 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக வையுங்கள். 45 வோல்ட் கிடைக்கும். விதிமுறை 44 முதல் 52 வரை அனுமதிக்கிறது, பாட்டரி புதிதாக இருக்கும்வரை அது போதும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்த ஏற்பாட்டில்தான் பதிவு செய்தேன். ஹம் என்ற பேச்சே இல்லை. அந்த ஆண்டின் பதிவுகள்தான் என்னிடம் இருப்பவற்றிலேயே சுத்தமானவை என்பது ஒரு வேடிக்கை.

ஒவ்வொரு பாட்டரிக்கும் அதன் முனையருகிலேயே அரை ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இவை ஷார்ட் ஆனால் கம்பி உருகித் தீப்பிடிக்கும். பதிவின்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

டர்பனின் உப்புக் காற்று எதையாவது கெடுக்குமா?

எல்லாவற்றையும் கெடுக்கும். சுவிட்சும் சாக்கெட்டும் முதலில். வருடத்துக்கு ஒரு முறை கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருகுங்கள். ஈயம் வைத்த பிறகு பலகையில் மிஞ்சும் ஃப்ளக்ஸ் பசையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். அந்தப் பசை ஈரத்தை இழுத்து, ஜனவரி மாதப் புழுக்கத்தில் பலகையைப் பொரியல் சட்டி மாதிரிப் பொரியவைக்கும். இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும் என்று அலுமினியம் வாங்கலாம். ஆனால் அலுமினியம் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுக்காது. டிரான்ஸ்ஃபார்மரை வெளியே வைக்க அதுவும் ஒரு காரணம்.

பாகங்கள் எங்கே வாங்குவது?

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ரெகுலேட்டர், பெட்டி போன்றவை கம்யூனிகா, மேன்டெக் போன்ற உள்நாட்டுக் கடைகளிலேயே உண்டு. ஐ.என்.ஏ. 217, தாட் 1510 இரண்டையும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். இணையச் சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் மேலே பெயரைத் தேய்த்து அச்சிட்ட போலிகள் நிறைய. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கூரியர் வலிக்காது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

ஐ.சி.களைச் செருகாமல் கொடுங்கள். சாக்கெட்டின் கால்களில் கூட்டல் 15, கழித்தல் 15 இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடியக் காத்திருந்து, ஐ.சி.யைத் திசை பார்த்துச் செருகுங்கள். மறுபடி கொடுத்து வெளியீட்டில் நேர்மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்: சில மில்லிவோல்ட் என்றால் நல்லது, 13 வோல்ட் என்றால் அந்த உள்ளீட்டு ரெசிஸ்டர்களை மறந்துவிட்டீர்கள். பேன்டத்தைக் கடைசியில் சோதியுங்கள். நல்ல மைக்கை அதற்கும் பிறகு மாட்டுங்கள்; முதல் பலிக்கு ஒரு பழைய மைக் போதும்.

இரைச்சல் எவ்வளவு இருக்கலாம்?

இயற்கையே ஒரு எல்லை வகுத்திருக்கிறது. 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சும்மா இருந்தாலே, அறை வெப்பத்தில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள், கழித்தல் 131 டி.பி.யு. (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் டெசிபல்) அளவுக்கு இரையும். உலகத்தில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. கவனமாகச் செய்த ஐ.சி. பெட்டி கழித்தல் 128 வரை போகும். எக்ஸ்.எல்.ஆர். பிளக் ஒன்றின் இரண்டாம், மூன்றாம் கால்களுக்கு நடுவே 150 ஓம் ஈயம் வைத்து மைக்குக்குப் பதிலாகச் செருகி, 60 டெசிபலில் வெளியீட்டின் இரைச்சலை டி.பி.யு. கணக்கில் அளந்து பாருங்கள். வந்த எண்ணிலிருந்து 60ஐக் கழித்தால் விடை.

இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அமைதியான அறை என்று நாம் சொல்வதிலேயே 30 டெசிபல் சத்தம் இருக்கும். அந்தச் சத்தம் எஸ்.எம். 58 வழியாக வரும்போது நல்ல ப்ரீஆம்ப் இரைச்சலைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. என் அறைக்கு வெளியே மாமரத்தில் மைனாக்கள் குடியிருக்கின்றன. மாலை ஐந்தரைக்கு அவை கூடினால் எந்த ஐ.சி.யும் ஒன்றுதான்.

நாதஸ்வரமும் தவிலும் வந்தால் வெளியீடு உடைகிறதே?

அப்போது பிரச்சினை எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரு பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தரும் கண்டென்சர் மைக்கை வைத்துக்கொண்டு, 124 டெசிபல் சத்தம் அதன்மேல் விழுந்தால் 0.63 வோல்ட் வரும். ஏறக்குறைய லைன் அளவில் பாதி. அதை இன்னும் இருபது மடங்காக்கினால் எதுதான் தாங்கும்? உள்ளீட்டில் அளவைக் குறைக்கும் 20 டெசிபல் பேட் சுவிட்ச் ஒன்று வைத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், மைக்கை நாதஸ்வரத்தின் அணசு என்ற கீழ்ப் புனலின் வாய்க்கு நேராக வைக்காமல் மேலே, விரல்துளைகளைப் பார்த்தபடி, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். எங்கள் நாதஸ்வரக்காரர் அண்ணன் "தள்ளி வைத்தால்தான் என் வாத்தியம் எனக்கே தெரிகிறது" என்பார். தவிலுக்கு டைனமிக் மைக் போதும்.

ஒரேயடியாக எட்டு சேனல் செய்துவிடலாமா?

இரண்டு செய்யுங்கள். செய்த தவறு எட்டாகப் பெருகாமல் இருக்கும்.

முகப்பில் எழுத்துகளைத் தமிழில் போடலாமா?

நான் போட்டேன். கோயில் வகுப்பில் எழுத்து படிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருகிறார்கள். வீட்டில் எல்லாம் ஆங்கிலம், படிக்கக் கிடைக்கும் தமிழ் எங்கிருந்தாலும் லாபம். கெயினுக்கு "ஏற்றம்" என்று எழுதினேன், பொருத்தமாகவே அமைந்தது. பேன்டத்துக்கு "48". அலையின் திசையைத் தலைகீழாக்கும் சுவிட்சுக்குப் "புரட்டு" என்று எழுதி வார்னிஷும் அடித்துவிட்டேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து படித்தார். "புரட்டு என்று நீயே எழுதி ஒட்டியிருக்கிறாய், இதில் என்னைப் பாடச் சொல்கிறாயா?" என்றார். மறுவாரம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, "திருப்பு" என்று மாற்றினேன். கிட்டே போய்ப் பார்த்தால் பழைய எழுத்தின் சுவடு இன்னும் தெரியும்.